பழுதான எஸ்எஸ்டியிலிருந்து தரவை மீட்பது: டெல்டா வாசிகளுக்கான கேள்வி-பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரங்களில் கல்யாண ஸ்டூடியோ, ரைஸ் மில், மருந்துக்கடை, சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் ஃபிளாஷ் சிப்பில் தரவை வைக்கும் டிரைவான எஸ்எஸ்டி போய்விட்டால் கேட்கும் கேள்விகள் இவை. லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கத் தெரிந்தவர் வீட்டிலோ கடையிலோ ஒருவர் இருந்தால் இதில் பாதி வேலையை அவரே செய்துவிடலாம்.

எஸ்எஸ்டி திடீரென்று தெரியவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கணினியை அணைத்துவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றி வையுங்கள். விண்டோஸ் “இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா”, “இனிஷியலைஸ் செய்யட்டுமா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது கோப்பு முறைமையின் ஒழுங்கைச் சரிசெய்கிற கருவி. உங்கள் கோப்பு பத்திரமாக வருகிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. படிக்க முடியாத இடத்தில் இருந்த கோப்பின் பெயரையே அட்டவணையிலிருந்து வெட்டிவிட்டு, எல்லாம் சரி என்று அறிக்கை கொடுக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் பழகியவர்கள் மின்சாரம் கொடுத்தபடியே வைத்து யோசிப்பார்கள். எஸ்எஸ்டியில் அது கூடாது. நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் உள்ளே இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கண்ட்ரோலர் சிப் பழைய பிளாக்குகளை அழித்து, தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது எழுதுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“உபரி இருந்தால் மீட்கலாம்” என்கிறார்களே, அந்த உபரி என்ன?

ஒரே செய்தியைத் தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டி எழுதி வைப்பது. அந்தாதி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லே அடுத்த பாட்டின் முதல் சொல். ஏட்டின் ஓரத்தைச் செல் அரித்திருந்தாலும், அடுத்த பாட்டின் தொடக்கத்தைப் பார்த்து அந்தச் சொல்லை மீட்டுவிடலாம். ஏடுகள் கலைந்துபோனால் வரிசையையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

கணினியில் இதே வேலையைப் பேரிட்டி செய்கிறது. முதல் டிஸ்க்கில் 1011, இரண்டாவதில் 0110 என்று வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் 0, மாறுபடும் இடத்தில் 1 என்று மூன்றாவதில் எழுதினால் 1101 வரும். இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது; 1011-ஐயும் 1101-ஐயும் அதே முறையில் ஒப்பிட்டால் 0110 திரும்பி வருகிறது. மூன்றில் எந்த ஒன்று போனாலும் மற்ற இரண்டு போதும். இரண்டு போனால் ஒன்றும் செய்வதற்கில்லை.

இந்தப் பக்கத்தில் வரும் எல்லாமே இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. உபரி எங்கோ மிச்சம் இருந்தால்தான் மீட்பு உண்டு. அதனால் மீட்கிறேன் பேர்வழி என்று இருக்கும் உபரியை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

எஸ்எஸ்டிக்குள்ளேயே பிழை திருத்தம் உண்டாமே, பிறகு ஏன் பழுதாகிறது?

உண்டு. அது இல்லாவிட்டால் இன்றைய ஃபிளாஷ் சிப் ஒரு நாள்கூட ஓடாது. சிப்பின் மிகச் சிறிய அறையான செல்லில் எவ்வளவு மின்னூட்டம் அடைந்திருக்கிறது என்பதை அளந்துதான் பிட்டைப் படிக்கிறார்கள். டிஎல்சி வகையில் ஒரு செல்லில் 3 பிட். 8 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சியில் 4 பிட், 16 மட்டங்கள். மின்னூட்டம் கொஞ்சம் கசிந்தாலே பக்கத்து மட்டமாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு பேஜோடும் (சிப்பில் ஒரே தடவையில் எழுதப்படும் பகுதி) திருத்தக் குறியீடு சேர்த்து எழுதப்படுகிறது. பழைய எஸ்எஸ்டிகளில் பிசிஎச் குறியீடு. அதில் பி என்பது ராஜ் சந்திர போஸ், சி என்பது ராய்-சௌத்ரி, எச் என்பது ஃபிரெஞ்சுக்காரரான ஹொக்கெங்கெம். மூவரும் 1959-60-இல் கண்டது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் எல்டிபிசி. ராபர்ட் கேலஜர் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது.

இந்தத் திருத்தம் சிதறிய பிட் பிழைகளுக்கு மட்டுமே. பல பேஜ்கள் சேர்ந்த ஒரு பிளாக் முழுதாகப் போனால் போதாது. நல்ல எஸ்எஸ்டிகள் அதற்காக சிப்புகளுக்கு இடையே ஒரு பேரிட்டியும் வைத்திருக்கும், மலிவானவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. இவை எல்லாம் இருந்தும், எந்தத் தரவு எந்த சிப்பில் எந்த பேஜில் இருக்கிறது என்ற அட்டவணை கெட்டுவிட்டால் வழி அடைபட்டுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கெடுவது பெரும்பாலும் இந்த அட்டவணைதான். தரவு முழுதாக உள்ளே இருக்கும். போய்ச் சேர முகவரி இருக்காது.

என் எஸ்எஸ்டிக்கு எந்த வகைப் பழுது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேறு கணினியில், வேறு கேபிளில் போட்டு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) பாருங்கள். டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண் மட்டும் ஏறியிருந்தால் கோளாறு கேபிளிலோ சாக்கெட்டிலோ இருக்கும். பல எஸ்எஸ்டிகள் இப்படி வீணாகச் செத்ததாகக் கருதப்படுகின்றன. 5-ஆம் எண்ணும் 187-ஆம் எண்ணும் ஏறியிருந்தால் ஃபிளாஷ் தேய்கிறது. உடனே இமேஜ் எடுங்கள், அதாவது முழு டிரைவையும் அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுங்கள். என்விஎம்இ வகையில் “அவைலபிள் ஸ்பேர்”, “மீடியா எரர்ஸ்” என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். கோப்புகள் திறக்கின்றன, எழுத மட்டும் முடியவில்லை என்றால் ஆயுள் முடிந்து எஸ்எஸ்டி தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். இருப்பதிலேயே நல்ல நிலைமை இது; பொறுமையாக நகல் எடுக்கலாம்.

பெயரோ கொள்ளளவோ மாறித் தெரிந்தால் கண்ட்ரோலர் தன் உள் நிரலான ஃபர்ம்வேரை ஏற்ற முடியாமல் நிற்கிறது. ஃபைசன் எஸ்11 கண்ட்ரோலர் உள்ளவை இந்த நிலையில் தங்கள் நிறுவனப் பெயரை விட்டு “சாட்டாஃபர்ம் எஸ்11” என்று காட்டும். இது வீட்டில் தீர்கிற வேலை இல்லை.

பெயரே வரவில்லை, அதுவும் மின்வெட்டுக்குப் பிறகு என்றால், ஒரு முறை முயலலாம். டேட்டா கேபிளை எடுத்துவிட்டு பவர் கேபிளை மட்டும் மாட்டி 30 நிமிடம் விடுங்கள். 30 விநாடி துண்டித்து, மறுபடி 30 நிமிடம். லேப்டாப்பானால் பயாஸ் திரையிலேயே அவ்வளவு நேரம் நிறுத்துங்கள். கண்ட்ரோலருக்கு அட்டவணையைத் திரும்பக் கட்ட அவகாசம் கிடைக்கும். சிலவற்றில் இது பலிக்கும். மின்சாரம் கொடுத்து வைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. உயிர் வந்தால் விண்டோஸைத் தொடங்கிப் பார்க்காமல், நேராக இமேஜ் எடுக்கப் போங்கள். இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

இமேஜ் எடுப்பது எப்படி?

தேவையானவை: லினக்ஸ் லைவ் பென் டிரைவ், ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ நிரல், பழுதான எஸ்எஸ்டியைவிடப் பெரிய ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க். 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 1 டிபி டிஸ்க் வையுங்கள். சாட்டா எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே நேரடியாக மாட்டுங்கள். யுஎஸ்பி அடாப்டர்கள் பிழை வரும்போது தாமாகவே துண்டித்துக்கொள்ளும்.

முதல் சுற்றில் “என்” (-n) விருப்பத்தோடு ஓட்டுங்கள்: மூலம், இமேஜ் கோப்பு, மேப் கோப்பு என்ற வரிசை. எளிதாகப் படிக்க முடிந்ததை எல்லாம் இது முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும். இரண்டாம் சுற்றில் அதே மூன்று பெயர்களோடு “டி”, “ஆர்3” (-d, -r3) விருப்பங்கள். விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். மேப் கோப்பைத் தராமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பின்னால் உபரியைச் சேர்க்கும்போது அது இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது.

நல்ல எஸ்எஸ்டியானால் 500 ஜிபி, நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பழுதானது நாள்கணக்கில் இழுக்கும். இடையில் டிரைவ் காணாமல் போனால் பவரைத் துண்டித்து மாட்டி, அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு எச்சரிக்கை: திரும்ப மாட்டும்போது டிரைவின் பெயரில் லினக்ஸ் தரும் எழுத்து மாறலாம். நேற்று பி-யாக இருந்தது இன்று சி-யாக வரும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் எல்லாம் போயிற்று. சீரியல் எண்ணை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

சூடான நேரத்தில் படிக்காத பேஜ் குளிர்ந்தபின் படிக்கும்; சில நேரம் மாறியும் நடக்கும். மே மாதப் பகலில் நின்றுபோனதை விடியற்காலையில், ஒரு டேபிள் ஃபேன் காற்றில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

மிரர் (இரண்டு எஸ்எஸ்டியிலும் ஒரே தரவு) போட்டிருந்தேன். இரண்டு எஸ்எஸ்டியிலும் பிழை வருகிறது. அவ்வளவுதானா?

இல்லை, பெரும்பாலும் முழுதாகவே மீட்கலாம். இரண்டிலும் ஒரே இடம் கெட்டிருப்பது அரிது. முதல் எஸ்எஸ்டியை மேலே சொன்னபடி இமேஜ் எடுங்கள். பிறகு இரண்டாவதை மாட்டி, அதே இமேஜ் கோப்பையும் அதே மேப் கோப்பையும் கொடுத்து “ஆர்1” (-r1) விருப்பத்தோடு ஓட்டுங்கள். முதலாவதில் ஓட்டையாக நின்ற இடங்களை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து அடைக்கும். ஆர்1 கொடுக்காவிட்டால், ஏற்கெனவே கெட்டது என்று குறித்த இடங்களைத் தொடாது.

அதற்கு முன் இரண்டும் ஒரே நாள்வரை சேர்ந்து ஓடினவா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் ரெய்டானால் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் அமைப்பு), அதை நடத்தும் எம்டிஏடிஎம் நிரலின் எக்ஸாமின் அறிக்கையில் “ஈவன்ட்ஸ்” எண் இருக்கும். இரண்டிலும் ஒரே எண், அல்லது ஓரிரண்டு வித்தியாசம் என்றால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் விலகியிருந்தால் ஒன்று எப்போதோ கழன்றுபோய், யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். சித்திரை மாதக் கணக்கின் மேல் மாசி மாதக் கணக்கை ஒட்டுப்போட்டால் இரண்டும் கெடும். அப்போது தனித்தனி இமேஜாகவே வைத்து, புதியதிலிருந்து மட்டும் கோப்புகளை எடுங்கள். டிஸ்க்கில் தரவு தொடங்கும் இடமான டேட்டா ஆஃப்செட் இரண்டிலும் ஒன்றுதானா என்பதையும் அதே அறிக்கையில் பாருங்கள்.

நான்கு எஸ்எஸ்டியில் ரெய்டு 5 (தரவையும் பேரிட்டியையும் எல்லாவற்றிலும் பிரித்து வைக்கும் முறை). இரண்டு வெளியேறிவிட்டன. ரெய்டு 5 ஒன்றைத்தானே தாங்கும்?

இந்தக் கேள்விக்கு “ஆமாம், போயிற்று” என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது தவறு. ரெய்டு கண்ட்ரோலர் ஒரு எஸ்எஸ்டியில் சில செக்டர் படிக்கவில்லை என்றாலே முழு எஸ்எஸ்டியையும் வெளியே தள்ளிவிடும். உண்மையில் அதில் நூற்றில் 99 பங்குக்கு மேல் நன்றாக இருக்கலாம். பேரிட்டி கணக்கோ பைட்டுக்கு பைட் நடக்கிறது. இரண்டாம் டிஸ்க்கில் 40 இடம், நான்காவதில் 60 இடம் கெட்டிருந்தாலும், அவை வெவ்வேறு ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவு) இருக்கும்வரை ஒவ்வொன்றையும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிடலாம். ஒரே ஆஃப்செட்டில் இரண்டிலும் விழுந்த ஓட்டை மட்டுமே நிரந்தர இழப்பு.

நான்கையும் தனித்தனியே, தனித்தனி மேப் கோப்போடு இமேஜ் எடுங்கள். மேப் கோப்பில் கழித்தல் குறி போட்ட வரிகள் படிக்க முடியாத பகுதிகள்; தொடக்கமும் நீளமும் பதினாறடிமான எண்ணில் இருக்கும். அந்தப் பகுதி ஒவ்வொன்றுக்கும், மற்ற மூன்று இமேஜ்களில் அதே இடத்தைப் படித்து, எக்ஸ்ஆர் (மேலே பேரிட்டியில் பார்த்த அதே ஒப்பீடு) செய்து, ஓட்டையில் எழுத வேண்டும். அந்த மூன்றில் எதிலும் அதே இடம் ஓட்டையாக இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பைத்தானில் முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். டிஸ்க்குகளின் வரிசையோ, சங்க் (ஒரு டிஸ்க்கில் ஒரு முறைக்கு எழுதும் துண்டு) அளவோ, பேரிட்டி எப்படிச் சுழல்கிறது என்பதோ இதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. ரெய்டு 5-இல் ஒரு ஆஃப்செட்டில் இருக்கும் நான்கு பைட்டையும் எக்ஸ்ஆர் செய்தால் எப்போதும் 0 வரும். எது தரவு, எது பேரிட்டி என்ற பேதம் அதற்கு இல்லை. டேட்டா ஆஃப்செட் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றே நிபந்தனை.

இதே குணம் நல்ல ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. ஓட்டை இல்லாத பகுதிகளில் அங்கங்கே நூறு இடம் எடுத்து நான்கையும் எக்ஸ்ஆர் செய்யுங்கள். எல்லாம் 0 என்றால் நான்கும் சமகாலத்தவை, தைரியமாக நிரப்பலாம். பல இடத்தில் 0 வரவில்லை என்றால் ஏதோ ஒன்று முன்பே கழன்ற பழைய டிஸ்க். அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றை வைத்தே வேலை செய்ய வேண்டும். அந்த மூன்றில் இருக்கும் ஓட்டைகள் ஓட்டைகளாகவே நிற்கும்.

நிரப்பி முடித்த இமேஜ்களின் இன்னொரு நகலை வைத்து, படிக்க மட்டும் என்ற நிலையில் ரெய்டைத் தொடங்குங்கள். எம்டிஏடிஎம்மில் “அசெம்பிள்” மட்டும். “கிரியேட்” கொடுக்கச் சொல்லும் அறிவுரை இணையத்தில் நிறைய இருக்கிறது. வரிசையோ சங்க் அளவோ ஒன்று தவறினாலும் புதுப் பேரிட்டியைப் பழைய தரவின் மேல் எழுதி முடித்துவிடும்.

ரெய்டு 6-இல் இரண்டாவது பேரிட்டி ரீட்-சாலமன் என்ற பிழை திருத்த முறையில் வருவது. அதற்கு வரிசை தெரிந்தாக வேண்டும். முதல் பேரிட்டியையும் எளிதாகத் தனியே பிரிக்க முடியாது. அதற்குரிய மென்பொருளையே நாடுங்கள்.

புது எஸ்எஸ்டி போட்டு ரீபில்ட் கொடுத்தால் போதாதா?

பேக்கப் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். ரீபில்ட் என்பது மிஞ்சியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் முதல் பைட்டிலிருந்து கடைசிவரை படிக்கிற வேலை. மாதக்கணக்கில் யாரும் தொடாத இடத்தில் கெட்டுப்போன பேஜ் அப்போதுதான் வெளிப்படும்; அடுத்த டிஸ்க்கும் வெளியே போகும். இமேஜ் எடுத்தபின் ரீபில்ட் செய்தால் இந்த ஆபத்து இல்லை.

ஒரே மாடல் எஸ்எஸ்டி இரண்டை மிரராகப் போடலாமா?

வேறு வேறு நிறுவனம், முடிந்தால் வேறு வேறு கண்ட்ரோலர் உள்ளதாகப் போடுங்கள். மிரரில் இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்து விழுகிறது. ஒரே நாளில் வாங்கியவை ஏறத்தாழ ஒரே காலத்தில் தேயும். அதைவிடக் கொடியது ஃபர்ம்வேர் பிழை. 2019 நவம்பரில் ஒரு பெரிய சர்வர் நிறுவனம் தன் சில எஸ்எஸ்டிகளுக்கு அவசர எச்சரிக்கை விட்டது: 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் எஸ்எஸ்டி செத்துவிடும், தரவும் திரும்பாது என்று. 2-இன் 15-ஆம் அடுக்கு அந்த எண். மணிக் கணக்கை வைக்கும் இடம் நிரம்பிவிடுகிறது என்று கருதப்படுகிறது. ஒரே நாளில் ஓடத் தொடங்கிய மிரரின் இரண்டு பக்கமும் அதே மணியில் போகும். பெயருக்கு உபரி, பயனுக்கு ஒன்றுமில்லை.

மிரரில் இரண்டு பக்கமும் படிக்கிறது, ஆனால் வேறு வேறாக இருக்கிறது. எது சரி?

வெறும் மிரரால் சொல்ல முடியாது. இரண்டு ஏட்டில் இரண்டு பாடபேதம் இருந்தால் பதிப்பாசிரியர் மூன்றாவது ஏட்டைத் தேடுவார். கிடைக்காவிட்டால் எதுகையும் தளையும் எதில் தட்டாமல் வருகிறது என்று பார்ப்பார். கணினியில் செக்சம் (தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண்) அந்த யாப்பின் வேலையைச் செய்கிறது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் வைத்திருப்பதால், கெட்ட பக்கத்தைக் கண்டு நல்ல பக்கத்திலிருந்து தாமே திருத்திக்கொள்ளும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓட்டினால் போதும்.

தவறுதலாக டெலிட் செய்த கோப்பு வருமா?

எஸ்எஸ்டியில் பெரும்பாலும் வராது. இந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போனவுடன் அந்த இடத்தைக் கேட்டால் வெறும் 0 தான் வரும். மிரரும் உதவாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழித்துவிடும். பேக்கப் ஒன்றே வழி. மெமரி கார்டில் கேமரா பெரும்பாலும் டிரிம் அனுப்பாததால் அங்கே வாய்ப்பு உண்டு. கார்டில் மேற்கொண்டு படம் எடுக்காமல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டுங்கள்.

முகூர்த்தம் எடுத்த கார்டு படிக்கவில்லை. என்ன செய்ய?

இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் அமைப்பை வைத்திருந்தால் மிரர் போலவே வேலை முடிந்தது. ஆனால் இரண்டு கார்டிலும் கோப்புகள் கிடக்கும் இடம் ஒன்றாக இராது, ஆகையால் இமேஜ் ஒட்டாமல் கோப்பு கோப்பாகச் சேருங்கள். ஒரே கார்டுதான் என்றால் டிடிரெஸ்க்யூ. அதுவும் இல்லையென்றால் தரவு மீட்பு லேபில் சிப்பை நேரடியாகப் படிப்பது. தாலி கட்டும் நிமிடத்தை மறுபடி எடுக்க முடியாது. ஒற்றை ஸ்லாட் கேமராவை முகூர்த்தத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

பார்2 கோப்புகள் என்கிறார்களே?

மிக நல்ல கருவி, பலருக்குத் தெரியவில்லை. கோப்புகளைத் தொகுதிகளாக வெட்டி, ரீட்-சாலமன் முறையில் மீட்புத் தொகுதிகளை உண்டாக்கும். 60 ஜிபி கல்யாண வீடியோவை 2000 தொகுதியாக வெட்டினால் ஒன்று 30 எம்பி. 10 சதவீத உபரி கேட்டால் 200 மீட்புத் தொகுதி, 6 ஜிபி. எந்த 200 தொகுதி கெட்டாலும் திருத்தும்.

கவனிக்க வேண்டியது: ஒரு செக்டர் கெட்டாலும் அதைக் கொண்ட 30 எம்பியும் கெட்டதாகவே கணக்கு. பிழைகள் 201 தொகுதியில் சிதறினால் தோல்வி. எஸ்எஸ்டிக்கும் கார்டுக்கும் தொகுதி எண்ணிக்கையை 10,000 என்று வையுங்கள். ஒன்று 6 எம்பி ஆகும், உருவாக்க நேரம் கூடும், ஆனால் சிதறிய பிழைகளை நன்றாகத் தாங்கும். மீட்புக் கோப்புகளை வேறு டிரைவில் வையுங்கள். டிரைவே முழுதாகப் போனால் 10 சதவீதம் எதற்கும் உதவாது.

பழைய வேலைகளை எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் வைக்கலாமா?

வைக்காதீர்கள். மின்னணுத் துறைத் தர அமைப்பான ஜெடெக்கின் தரப்படி, சாதாரண எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுளை முடித்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும். புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏறினால் கசிவு வேகமாகும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே 30 டிகிரி ஏது? அலமாரிக்கு ஹார்ட் டிஸ்க் இரண்டு. எஸ்எஸ்டிதான் என்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை மாட்டி எல்லாக் கோப்பையும் முழுதாகப் படிக்கச் செய்யுங்கள். சும்மா மின்சாரம் கொடுத்தால் மட்டும் போதும் என்று நம்ப வேண்டாம்.

புயல், மழை, கடற்காற்று: இங்கே தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்ப வரும்போதும் விட்டு விட்டு வரும். அட்டவணை கெடுவது அந்த நேரத்தில்தான். புயல் அறிவிப்பு வந்தவுடன் சர்வரை முறையாக அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் நிலைத்த ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். மற்ற நாளுக்கு யுபிஎஸ். பேட்டரி இறங்கும்போது கணினியைத் தானே அணைக்கும்படி யுஎஸ்பி கேபிளையும் இணைத்திருக்க வேண்டும். மின் இழப்புக் காப்புக் கெபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் துடைத்தாலே சில எஸ்எஸ்டிகள் எழுந்துவிடும். வெள்ளத்தில் நனைந்ததை மின்சாரத்தில் மாட்டவே கூடாது. அதே ஆல்கஹாலில் கழுவி இரண்டு நாள் நிழலில் காய விடுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் உப்பு போகாது. தவிட்டுத் தூசிதான் சேரும்.

லேபுக்கு எப்போது அனுப்புவது?

எந்தக் கணினியிலும் பெயர் வராதபோது, பெயர் மாறி வரும்போது, கருகிய வாசனை வரும்போது. பல எஸ்எஸ்டிகள் எழுதுவதை எல்லாம் தாமே மறைகுறியாக்கி வைப்பதால், சிப்பைக் கழற்றிப் படிப்பது பலிக்காது. கண்ட்ரோலர் உயிரோடு வர வேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். இமேஜ் முழுதாக வந்தாலும் அது இல்லாமல் திறக்காது. ரெய்டானால் ஒன்றை மட்டும் அனுப்பாமல் எல்லா டிஸ்க்கையும், எந்தப் போர்ட்டில் எது இருந்தது என்று ஒட்டுத்தாளில் எண் போட்டு, நிலைமின் தடுப்புப் பையில் அனுப்புங்கள். “செத்தது” என்று ஒதுக்கிய டிஸ்க்கையும் சேர்த்து.

சின்ன ஸ்டூடியோவுக்கு எப்படி அமைக்கலாம்?

வேலை செய்யும் கணினியில் வேறு வேறு நிறுவன எஸ்எஸ்டி இரண்டு, செக்சம் உள்ள மிரராக. வேலை முடிந்த கல்யாணங்கள் பார்2 கோப்போடு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று கடையில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். கடையும் வீடும் கொள்ளிடக் கரையிலேயே இருந்தால் இரண்டும் ஒரே வெள்ளத்தில் போகும், ஆகவே மேட்டுப்பாங்கான ஊராகப் பாருங்கள். தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் ஒரு நாள், ஏதாவது ஒரு பழைய கல்யாணத்தை எடுத்து, வெளியூர் டிஸ்க்கிலிருந்து மட்டும் முழுதாகத் திறந்து, பார்2 வெரிஃபை ஓட்டிப் பாருங்கள். 60 ஜிபிக்கு அரை மணி நேரம் வரை ஆகலாம்.